மலைநாட்டுச் சரித்திரம் – 11: சாணை தொட்ட மணிகள்

காப்பிச் செடியை இலைநோய் வாட்டி அழித்ததையும், அந்த அழிவு தொடங்குவதற்கு முன்பே, 1867ஆம் ஆண்டில், ஜேம்ஸ் டெய்லர் என்னும் ஸ்கொத்லாந்துக்காரர் லூல்கந்துரைத் தோட்டத்தில் பயிரிட்டு வைத்திருந்த தேயிலை, காப்பி கைவிட்ட மலைகளையெல்லாம் ஒவ்வொன்றாகத் தனதாக்கிக்கொண்டதையும் சென்ற அத்தியாயத்தில் கண்டோம். அன்று முதல் ஹட்டன், நுவரெலியா முதலிய ஊர்களின் பெயர் கொழுந்தோடு சேர்ந்தே உலகத்தில் வழங்கி வருகிறது. ஆயினும் தேயிலையின் வேர் சென்று தொடும் மண்ணுக்கும் கீழே, பழைய ஆற்றுப் பரலோடு பரலாகக் கலந்து, காப்பியும் தேயிலையும் இத்தீவின் கரையை எட்டுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அயல்நாட்டு மாலுமிகளையும் வணிகரையும் இவ்விடம் அழைத்துவந்த வேறொரு செல்வம் கிடந்தது, இன்றும் கிடக்கிறது. நீலமும் புஷ்பராகமும் வைடூரியமும் கோமேதகமுமாகிய அந்தச் செல்வத்தின் சரித்திரமே இந்த அத்தியாயத்தின் பொருள்.

இரத்தினங்களைப் பற்றி எழுதியவர்களில் பெரும்பாலோர், கல் அகப்பட்ட குழியைப் பற்றி எழுதினார்கள். அல்லது அது சென்று அமர்ந்த கிரீடத்தைப் பற்றி எழுதினார்கள். குழிக்கும் கிரீடத்துக்கும் இடையே, தரையில் கால் மடித்து உட்கார்ந்து, ஒரு கையால் வில்லை இழுத்து மறு கையால் கல்லைச் சாணையில் பொருத்திய மனிதனை அவர்கள் ஒரு வாக்கியத்தில் கடந்து போயினர். ஆற்றுப் பரலில் கிடக்கும் குருந்தக்கல்லைக் கண்டு பழகாத ஒருவர் அதைக் கையில் எடுத்தால், மங்கலான, உருண்டு தேய்ந்த, மதிப்பில்லாத கூழாங்கல் என்றே எறிந்துவிடுவார். மண் தருவது அவ்வளவே. அதனுள்ளே அடைபட்டிருக்கும் வர்ணத்தையும் தேஜஸையும் வெளியே வரவழைப்பது கையின் தொழில். ஆகவே மலைநாட்டு இரத்தினத்தின் கதையை, கல்லை முன்னிறுத்தாமல் கையை முன்னிறுத்திச் சொல்வதே நியாயம் என்று கருதுகிறேன்.

மலையும் நதியும்

இம்மலைகளின் பாறைகள் மிகப் பழமையானவை. ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன்னர், பூமியின் ஆழத்தில் பெரும் உஷ்ணமும் பெரும் அழுத்தமும் கூடி அப்பாறைகளை உருமாற்றிய யுகத்தில், அலுமினியமும் பிராணவாயுவும் சேர்ந்து குருந்தமாகப் படிகம் கொண்டன. சுத்தமான குருந்தத்துக்கு நிறம் இல்லை. அதில் அணுவளவு இரும்பும் டைட்டேனியமும் புகுந்தால் அது நீலமாகிறது; குரோமியம் புகுந்தால் சிவந்து மாணிக்கமாகிறது. பாறை காலப்போக்கில் உளுத்து மண்ணாகி மழையில் கரைந்தபோது, கரையாத படிகங்கள் நீரோடு உருண்டு பள்ளத்தாக்குகளை அடைந்தன. வெண்கல்லாகிய படிகக்கல்லைக் காட்டிலும் குருந்தம் ஒன்றரை மடங்கு கனமானது. ஆதலால் நீரின் வேகம் குறைந்த இடங்களில் அது முந்திக்கொண்டு அடியில் தங்கியது. சிங்கள மக்கள் ‘இல்லம’ என்று வழங்கும் இரத்தினப் பரலடுக்கு இவ்வாறு உண்டாயிற்று.

சிவனொளிபாத மலையை நடுவில் வைத்து இந்நாட்டின் நீர்ப்போக்கை நோக்குவோருக்கு ஓர் உண்மை புலப்படும். அம்மலையின் ஒரு புறத்துச் சரிவுகளில் பிறக்கும் களுகங்கை, தென்மேற்கே இறங்கி இரத்தினபுரியைத் தழுவிச் செல்கிறது. மறு புறத்திலே மஸ்கெலி ஓயாவும், பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கின் வழியே வரும் கெசல்கமு ஓயாவும் ஒன்றுகூடிக் களனி கங்கை ஆகின்றன. இரத்தினங்களுக்கென்றே பெயர்பெற்ற இரத்தினபுரியும், தேயிலைக்கென்றே பெயர்பெற்ற ஹட்டன் பிரதேசமும் ஒரே பர்வதத்தின் இரு பக்கத்து அயலார். அங்கே பரலில் கிடப்பது இங்கேயும் கிடப்பதில் வியப்பில்லை.

அரசரும் பிரயாணிகளும்

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இத்தீவைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, இலங்கை அரசனிடம் ஒரு சாண் நீளமும் மனிதக் கையின் பருமனும் உள்ள மாணிக்கம் ஒன்று இருந்ததாகவும், அதற்கு ஈடாக ஒரு நகரத்தின் மதிப்பையே தருவதாகச் சீனப் பேரரசர் குப்ளாய்கான் கேட்டனுப்பியும் அரசன் இணங்கவில்லை என்றும் குறித்திருக்கிறார். கேள்வியில் பெருகிய கதையாக அது இருக்கலாம். ஆனால் 1344ஆம் ஆண்டில் இங்கு வந்திறங்கிய இபுனு பதூதாவின் குறிப்புகள் கண்ணால் கண்டவனின் குறிப்புகள். வடபுலத்துத் தமிழ் வேந்தனாகிய ஆரியச்சக்கரவர்த்தி அவரை உபசரித்தான். உள்ளங்கை அளவுள்ள மாணிக்கக் கிண்ணத்தில் அகில் தைலம் வைத்திருந்ததையும் அவருக்குக் காட்டினான். அவர் வேண்டிக்கொண்டபடி சிவனொளிபாதத்துக்குச் செல்ல வழித்துணையும் தந்து அனுப்பினான். அந்தப் பிரயாணத்தின்போது அவர் கண்டு எழுதிய செய்தி நம் பொருளுக்கு மிக அருமையானது. மண்ணைத் தோண்டி எடுத்த கற்களைச் சாணைக்காரரிடம் கொடுப்பார்கள் என்றும், அவர்கள் மேலே பற்றியிருக்கும் வெறுங்கல்லைத் தேய்த்துத் தேய்த்து நீக்கி உள்ளேயிருக்கும் மணியைப் பிரித்தெடுப்பார்கள் என்றும், நூறு பணத்துக்கு மேற்பட்ட மதிப்புள்ள கல் அரசனுக்கு உரியது, அரசன் அதற்குக் கிரயம் கொடுத்து வாங்கிக்கொள்வான், குறைந்தவை எடுத்தவனுக்கே உரியவை என்றும் அவர் சொல்கிறார். சாணைக்காரன் என்றொருவன் இத்தீவில் தனித்தொழில் நடத்தினான் என்பதற்கு இதைவிடத் தெளிவான பழஞ்சான்று வேண்டுவதில்லை.

இரத்தினத்தைத் தோண்டுவது எப்போதும் குடியானவனின் சுதந்திரமாக இருந்ததில்லை. 1660ஆம் ஆண்டு முதல் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கண்டி இராச்சியத்தில் சிறையிருந்த ரொபட் நொக்ஸ், தம் நூலை 1681இல் வெளியிட்டபோது, இரத்தினம் உண்டென்று தெரிந்த இடங்களில் கூர்மையாகச் சீவிய கழுமரங்களை நாட்டி, அவ்வழியே செல்லத் துணிபவன் அக்கழுவில் ஏற்றப்படுவான் என்று அரசன் எச்சரித்திருந்ததைப் பதிவு செய்தார். அரசனிடம் வேண்டிய அளவு கற்கள் இருந்தன. மேலும் கண்டெடுக்கப்படுவதில் அவனுக்கு ஆவல் இல்லை. 1815ஆம் ஆண்டில் கண்டி ஆங்கிலேயர் வசமாயிற்று. 1840ஆம் ஆண்டின் காணிச் சட்டம், உரிமைப் பத்திரம் காட்ட இயலாத காடுகளையெல்லாம் அரசின் சொத்தாக்கிற்று. அக்காடுகள் ஏக்கர் ஒன்று ஐந்து ஷில்லிங் என்ற கணக்கில் தோட்டக்காரருக்கு விற்கப்பட்டன. காப்பிக்கென்று வாங்கிய நிலத்தின் அடியில் என்ன கிடந்தது என்பதை வாங்கியவர்களில் சிலரே சிந்தித்தனர்.

அந்தச் சிலரில் ஒருவர் சாமுவேல் பேக்கர். பின்னாளில் நைல் நதியின் ஊற்றுக்களைத் தேடிச் சென்று பெயர்பெற்ற இவர், 1848ஆம் ஆண்டில் நுவரெலியாவில் குடியேறிப் பண்ணை அமைத்தவர். 1855இல் வெளிவந்த தம் நூலில், நுவரெலியாச் சமவெளியின் ஒரு பகுதி ‘மாணிக்கப் பள்ளத்தாக்கு’ என்று வழங்கப்பட்டதையும், அங்கே முற்காலத்தார் இரத்தினத்துக்காகத் தோண்டிக் கைவிட்ட குழிகள் காணப்பட்டதையும் அவர் விவரிக்கிறார். தேயிலைக்கும் காப்பிக்கும் முன்னர் இம்மலையின் உச்சிச் சமவெளிகளிலும் மனிதர் மண்ணைக் கல்லி மணி தேடினர் என்பதற்கு அக்குழிகள் சாட்சி.

குழியிலிருந்து கூடைக்கு

தோண்டும் முறையை நெடுக விரிக்க வேண்டியதில்லை. நூற்றாண்டுகள் பல கடந்தும் அது அதிகம் மாறவில்லை. சதுரமாகக் குழி இறக்கி, பக்கங்கள் சரியாதபடி மரக்கட்டைகளைப் பின்னிக் கட்டி, இடைவெளிகளில் காட்டுப் பன்னத்தைத் திணிப்பார்கள். ஊறும் நீரை இறைத்துக்கொண்டே பரலடுக்கு வரை சென்று, அந்தப் பரலைத் தூக்கி மேலே சேர்த்து, நல்ல நாள் பார்த்து, மூங்கிற் கூடையிலிட்டு ஓடும் நீரில் அரிசி களைவதுபோலச் சுழற்றிக் கழுவுவார்கள். மண்ணும் இலேசான கல்லும் விளிம்பைத் தாண்டிப் போய்விட, கனமான மணிகள் அடியில் தங்கும். காணிக்காரர், உத்தரவுப் பத்திரம் பெற்றவர், நீர் இறைக்கும் யந்திரத்துக்கு உடையவர், குழியில் இறங்கி உழைத்தவர் என்று பங்கு பிரித்துக்கொள்வதே இத்தொழிலின் நெடுநாள் வழக்கம். கூலி பேசி வேலை வாங்கும் தோட்ட முறைக்கு இது முற்றிலும் வேறானது. இந்த வித்தியாசத்தை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சாணைக்காரன்

இத்தீவின் பழைய சாணை எளிய கருவி. கிடைமட்டமான ஓர் அச்சு. அதன் நுனியிலே நிமிர்ந்து நிற்கும் ஓர் ஈய வட்டு. அச்சைச் சுற்றி ஒரு கயிறு. கயிற்றின் இரு முனைகளும் ஒரு நீண்ட வில்லில் கட்டப்பட்டிருக்கும். சிங்களத்தில் இதை ‘ஹனபோருவ’ என்பர். சாணைக்காரன் வலக்கையால் வில்லை முன்னும் பின்னும் இழுக்க, வட்டு இப்புறமும் அப்புறமுமாகச் சுழலும்; இடக்கையில் பற்றிய கல்லை அவன் வட்டின் முகத்தில் பொருத்துவான். வட்டின்மேல் நீரில் குழைத்த குருந்தப் பொடி பூசப்பட்டிருக்கும். குருந்தத்தைத் தேய்க்கக் குருந்தமே வேண்டும். ஏனெனில் கனிமங்களின் கடினத்தை ஒன்று முதல் பத்து வரை வரிசைப்படுத்திய கணக்கில் அது ஒன்பதாம் ஸ்தானத்தில் நிற்கிறது. அதற்கு மேலே வைரம் ஒன்றே உண்டு. உருவம் அமைந்தபின் ஈய வட்டை நீக்கிவிட்டுச் செப்பு வட்டை ஏற்றி, நெல் உமியைச் சுட்டெடுத்த சாம்பலைத் தடவி, மெருகு ஏற்றுவார்கள்.

கோணம் காட்டும் அளவுகோல் ஒன்றும் அக்கருவியில் இல்லை. பட்டைக்குப் பட்டை எவ்வளவு சாய்வு வேண்டும் என்பதை விரல் அறிந்திருக்க வேண்டும். நீலக்கல்லினுள் புகுந்த கிரணம், ஏறத்தாழ 34½ பாகைக்குக் குறைந்த சாய்வில் உட்சுவரைத் தொட்டால் அப்படியே வெளியேறிவிடும். அதற்கு மேற்பட்ட சாய்வில் தொட்டால் கண்ணாடியில் பட்டது போலத் திரும்பி வரும். அடிப்பாகத்துப் பட்டைகள் தட்டையாகிவிட்டால் கல்லின் நடுவே ஒரு ஜன்னல் திறந்தது போல வெளிறிப் போகும். மேலிருந்து பார்ப்பவருக்குக் கல் தெரியாது, கல்லின் கீழே இருக்கும் விரல்தான் தெரியும். பட்டைகள் மிகச் செங்குத்தானால் கல் இருண்டு போகும். இந்தக் கணக்கைப் பள்ளியில் படியாத கைகள் தலைமுறை தலைமுறையாகப் பழக்கத்தாலேயே நிறைவேற்றி வந்தன.

எனினும் சாணையை இழுப்பதற்கு முன்பே வேலையின் பெரும்பகுதி முடிந்துவிடுகிறது. தேர்ந்த தொழிலாளி கல்லை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, நீரில் நனைத்து, எண்ணெய் தடவி, நாட்கணக்கில் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்ப்பான். அவன் தீர்மானிக்க வேண்டிய விஷயங்கள் பல. முதலாவது, கல்லின் தோஷம்: உள்ளே வெடிப்பு உண்டா, புள்ளி உண்டா, அவற்றை அரைத்து நீக்குவதா, பட்டையின் ஓரத்தில் மறைப்பதா? இரண்டாவது, திசை: ஒரே நீலக்கல் படிகத்தின் நெடுக்குவாட்டில் பார்த்தால் சுத்தமான ஆழ்ந்த நீலமாகவும், குறுக்குவாட்டில் பார்த்தால் பச்சை கலந்த நீலமாகவும் தோன்றும், ஆகவே மேல்முகம் எத்திசையை நோக்க வேண்டும் என்பதில் தவறினால் கல்லின் மதிப்புப் பாதியாகிவிடும். மூன்றாவது, வர்ணம் இருக்கும் இடம்: இலங்கை நீலங்களில் அநேகம் முழுவதும் நீலமாக இருப்பதில்லை, வெளிறிய உடலில் ஓரிடத்தில் மட்டும் நீலம் திரண்டு நிற்கும். அந்த ஒரு திரளை அடிமுனையிலே வந்து அமையும்படி பட்டை தீட்டினால், கீழிருந்து திரும்பும் ஒளி அவ்வர்ணத்தைச் சுமந்துவந்து கல் முழுவதையும் நிறைத்துவிடும். பக்கவாட்டில் பார்ப்பவருக்கு வெள்ளைக்கல். மேலிருந்து பார்ப்பவருக்கு நீலம். இலங்கைச் சாணைக்காரரின் சாமர்த்தியம் அனைத்தும் இந்த ஒரு செய்கையில் அடங்கியிருக்கிறது என்றால் மிகையாகாது.

பட்டை ஏற்காத கற்களும் உண்டு. வைடூரியத்தினுள்ளே மயிரிழை போன்ற நுண்குழல்கள் ஒரே திசையில் நிரைத்து நிற்கின்றன. அவற்றின் குறுக்கே ஓர் ஒளிக்கோடு ஓடும். அந்தக் கோடு கல்லின் நீளவாக்கில் நடுநாயகமாக நிற்க வேண்டுமானால், இழைகள் அடித்தளத்துக்கு இணையாகவும் நீளத்துக்குக் குறுக்காகவும் அமையும்படி கல்லை வைத்து, மேலே குவிந்த வடிவில் வழவழப்பாக்க வேண்டும். நட்சத்திர நீலத்தில் இழைகள் மூன்று திசைகளில் ஓடுவதால் ஆறு கதிருள்ள நட்சத்திரம் தோன்றுகிறது. படிகத்தின் அச்சுக்கு நேர்குறுக்காக அடித்தளம் அமைந்தால்தான் அந்நட்சத்திரம் நடுவில் நிற்கும், சிறிது பிசகினாலும் ஓரத்துக்கு ஓடிவிடும். நியூயோர்க் நகரத்து இயற்கைச் சரித்திர அருங்காட்சியகத்தில், ‘இந்திய நட்சத்திரம்’ என்ற பெயருடன், 563 கரட் நிறையில் இருக்கும் நீலம் உண்மையில் இலங்கை மண்ணின் கல். ஒரு கரட் ஒரு கிராமில் ஐந்தில் ஒரு பங்கு என்பதை எண்ணினால் அதன் பருமன் விளங்கும்.

தமிழருக்கு இக்கலை புதிதன்று. கொங்கு நாட்டிலே நொய்யலாற்றங்கரைக் கொடுமணலில், சங்க காலத்தை ஒட்டிய கல்மணித் தொழிற்கூடங்கள் அகழ்ந்தெடுக்கப்பட்டிருக்கின்றன. முடிந்த மணிகளோடு பாதியில் நின்ற மணிகளும் கழிவுத் துண்டுகளும் அங்கே கிடைத்தன. பதிற்றுப்பத்து கொடுமணத்தின் அணிகலனைச் சிறப்பித்துப் பேசும் செய்தியை அந்த அகழ்வு மெய்ப்பித்தது. மதுரை இரத்தினக்கடை வீதியை வருணிக்கும் சிலப்பதிகாரத்து ஊர்காண் காதை, ஒவ்வொரு மணியின் லட்சணத்தையும் தோஷத்தையும் ஒரு தேர்ந்த வணிகனின் நுட்பத்தோடு சொல்கிறது. இலங்கையிலோ இத்தொழிலைப் பல நூற்றாண்டுகளாகப் பெரிதும் வளர்த்தவர்கள், தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட முஸ்லிம் மக்கள். பேருவளையின் சீனங்கோட்டைச் சந்தையில் இன்றும் கல்லின் குணத்தையும் குற்றத்தையும் தமிழிலே பேசுகிறார்கள்.

டெனன்டின் தீர்ப்பு

1845 முதல் 1850 வரை இலங்கையின் குடியேற்றநாட்டுச் செயலாளராக இருந்த ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட், 1859இல் வெளியிட்ட தம் பெருநூலில், இத்தீவில் கல்லை வெட்டி மெருகிடுவோர் பெரும்பாலும் முஸ்லிம்களே என்றும், அவர்களுடைய கருவிகள் பழமையானவை, திறமையோ குறைவானது, அவர்கள் கையால் ஒரு கல் மதிப்பை இழக்கிறதே தவிரப் பெறுவதில்லை என்றும் தீர்ப்பளித்தார். அத்தீர்ப்பு ஐரோப்பாவில் நெடுங்காலம் திரும்பத் திரும்ப எழுதப்பட்டது. கீழைநாட்டில் வெட்டிய கற்களை வாங்கி மேலைநாட்டில் மறுபடி வெட்டுவதே முறை என்றும் ஆயிற்று.

இத்தீர்ப்பில் ஒரு பகுதி உண்மை என்பதை மறுக்கலாகாது. பழைய இலங்கை வெட்டுகளில் அடிப்பாகம் தேவைக்கு மேல் பருத்திருப்பதும், பட்டைகள் ஒன்றுக்கொன்று ஒவ்வாதிருப்பதும், வடிவம் ஒருபுறம் சாய்ந்திருப்பதும் உண்டு. ஆனால் டெனன்ட் அளந்த அளவுகோலும் சாணைக்காரன் அளந்த அளவுகோலும் வேறு வேறு. மேலைநாட்டார் நாடியது சமவடிவமும் மின்னலும். கீழைநாட்டார் நாடியவை வர்ணமும் நிறையும். குன்றிமணியாலும் மஞ்சாடியாலும் நிறுத்துக் கிரயம் பேசும் சந்தையிலே, அரைத்துப் போக்கிய ஒவ்வொரு துகளும் விற்றவனுக்கு நஷ்டம். பதினேழாம் நூற்றாண்டில் கோல்கொண்டா வைரச் சுரங்கங்களைப் பார்வையிட்ட பிரெஞ்சு வணிகர் தவெர்னியேயும் இதையே கண்டார்: மாசற்ற கல்லாயின் இந்தியத் தொழிலாளர் அதை மெல்லத் தீண்டி மெருகிட்டு விட்டுவிடுவர், மாசுள்ள கல்லாயின் பட்டைகளைப் பெருக்கி மாசை மறைப்பர். நிறையை இழக்க அவர்கள் மனம் இசைவதில்லை.

மேலும், கோணத்தைக் கணக்கிட்டு ஒளியைத் திருப்பும் சாஸ்திரம் ஐரோப்பாவிலேயே மிகப் பிந்தித்தான் முழுமை பெற்றது. வைரத்துக்கான அந்தக் கணிதத்தை மார்செல் டோல்கோவ்ஸ்கி வெளியிட்டது 1919ஆம் ஆண்டில்தான். அதற்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே, வெளிறிய கல்லில் ஒரு துளி நீலத்தை அடிமுனையில் நிறுத்திக் கல் முழுவதையும் நீலமாக்கிய கைகளைத் திறமையற்றவை என்று எவ்வாறு சொல்வது? அடி பருத்த வெட்டு என்று டெனன்டின் காலத்தார் பழித்தவற்றுள் எத்தனையோ, அந்தத் துளி நீலத்தைக் காப்பாற்றுவதற்காகவே அவ்வாறு விடப்பட்டவை. மறுவெட்டுக்கு அனுப்பிய கல் வடிவம் திருந்தியது. ஆனால் வர்ணத் திரளை அரைத்துவிட்டால் வெளிறியும் போயிற்று.

இந்த நீதியை உணர்ந்து எழுதிய அறிஞர் ஒருவர் நமக்கு வாய்த்தார். சேர் முத்துக்குமாரசுவாமியின் புதல்வராகிய ஆனந்த குமாரசுவாமி, 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிம ஆய்வுப் பகுதியின் முதல் தலைவராகப் பணியாற்றியவர். கல்லைத் தேடி மலைகளிலும் கிராமங்களிலும் சுற்றிய அவர், கல்லோடு நின்றுவிடவில்லை. அதைத் தொழிலாக்கிய கம்மாளரையும் தட்டாரையும் கண்டு, அவர்களுடைய கலை அந்நிய ஆட்சியில் ஆதரவிழந்து அழிந்து வருவதை நெஞ்சு நொந்து உணர்ந்தார். 1908இல் அவர் வெளியிட்ட ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ என்னும் நூல் அந்த உணர்ச்சியின் பயன். பூமி சாஸ்திரியாகப் புறப்பட்டவர் கைத்தொழிலாளரின் வழக்கறிஞராகத் திரும்பினார் என்பது நம் சரித்திரத்தில் பொன்னெழுத்தால் பொறிக்கத் தக்கது.

நெருப்பின் பங்கு

சாணைக்கு முன் சில கற்கள் நெருப்பைக் காண்பதும் பழைய வழக்கமே. பதினோராம் நூற்றாண்டில் வாழ்ந்த அல்பிரூனி என்னும் பேரறிஞர், சிவந்த கற்களைச் சூடேற்றி அவற்றில் கலந்துள்ள வேற்று நிறத்தைப் போக்கும் முறையை எழுதிவைத்தார். இலங்கையில் கரித்தணலில் கல்லை வைத்து, ஊதுகுழலால் ஊதி ஊதிச் சிவப்புக்கல்லின் நீலச்சாயலை நீக்கும் கலை அண்மைக்காலம் வரை கைமாறி வந்தது.

ஆனால் அந்த நெருப்பே ஒரு காலத்தில் நமக்குப் பெருநஷ்டத்தையும் தேடித் தந்தது. ‘கெவுட’ என்று சொல்லப்படும் பால்போல் மங்கிய குருந்தக்கல் இந்நாட்டில் ஏராளம். பட்டை தீட்டினாலும் பயனில்லை என்று அதை ஒதுக்கிவைப்பதே வழக்கமாக இருந்தது. 1970களில் தாய்லாந்து வணிகர் வந்து அக்கற்களைச் சொற்ப விலைக்குக் கூடை கூடையாக வாங்கிச் சென்றனர். ஆயிரத்தைந்நூறு பாகைக்கும் மேற்பட்ட உஷ்ணத்தில் உலையிலிட்டபோது, அக்கல்லினுள் மங்கலை உண்டாக்கிய டைட்டேனிய இழைகள் கரைந்து, அங்குள்ள இரும்போடு சேர்ந்து, தெளிந்த நீலமாக மாறின. இங்கே ஒதுக்கப்பட்ட கல் அங்கே உயர்ந்த நீலமாக விலைபோயிற்று. இலங்கையர் அந்த வித்தையைக் கற்றுத் தம் உலைகளை ஏற்றும்வரை போனது போனதுதான். மண் நம்முடையதாக இருந்தும் கையின் அறிவு அயலாரிடம் இருந்தால் செல்வம் யாரிடம் சேரும் என்பதற்கு இதைவிடச் சிறந்த பாடம் சரித்திரத்தில் இல்லை.

பொகவந்தலாவையின் பரல்

இப்போது தேயிலை மலைகளுக்குத் திரும்புவோம். 1971ஆம் ஆண்டின் சட்டத்தால் அரசு இரத்தினக்கல் கூட்டுத்தாபனம் அமைந்தது. 1993ஆம் ஆண்டின் சட்டத்தால் அதன் ஸ்தானத்தில் தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபை ஏற்பட்டது. அனுமதிப்பத்திரம் இன்றி எவரும் இரத்தினம் தோண்டலாகாது. தோட்டங்களோ 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் அரசுடைமையாகி, 1992 முதல் தனியார் கம்பெனிகளின் நிர்வாகத்தில் இருக்கின்றன. ஆகவே தேயிலைக் காணியில் தலைமுறைகளாக வாழும் தொழிலாளிக்கு அக்காணியின் மேல்மண்ணிலும் உரிமை இல்லை. அடிமண்ணிலும் உரிமை இல்லை. பரம்பரைக் குழிகளில் காணிக்காரருக்கும் உழைப்பாளிக்கும் பங்கு உண்டு என்று முன்னே சொன்னோம். இங்கே பங்கு கேட்கக் காணியே இல்லை.

இதன் விளைவைப் பத்திரிகை வாசிப்போர் அறிவர். பொகவந்தலாவைப் பிரதேசத்தில், கெசல்கமு ஓயாவின் கரைகளிலும் தோட்டக் காணிகளிலும் சட்டவிரோத மாணிக்கக்கல் அகழ்வு நடைபெற்றதாகவும், பொலிஸார் சுற்றிவளைத்துச் சிலரைக் கைது செய்ததாகவும் செய்தி மீண்டும் மீண்டும் வருகிறது. ஆற்றங்கரை இடிந்து, தேயிலை வேரோடு சரிந்து, கலங்கிய நீர் காசல்ரீ நீர்த்தேக்கத்தில் வண்டலைக் கொண்டு சேர்க்கிறது. இரவில் மண்ணைக் கிளறும் இளைஞன் ஒருவேளை ஒரு கல்லைக் கண்டாலும், அதன் லட்சணத்தை அறியாதவனாகையால் முதலில் கேட்டவர் சொன்ன விலைக்கே கொடுத்துவிடுகிறான். அதன் மெய்யான கிரயம் வேறிடத்துச் சாணையில், வேறொருவர் கையில் தோன்றுகிறது. ஆற்றைக் கெடுத்த பழியும் சிறையும் அவனுக்கு. மணி வேறு எவருக்கோ. நதியைக் கெடுக்கும் அகழ்வை ஆதரிக்கும் எண்ணம் எனக்குச் சிறிதும் இல்லை. களனி கங்கையின் நீரை நம்பி வாழும் இலட்சோப இலட்சம் மக்களுக்கு அது இழைக்கும் தீங்கு பெரிது. ஆயினும் தண்டனை ஒன்றினாலேயே இது தீரும் என்று நம்புவோர் இத்தொழிலின் சரித்திரத்தை அறியாதவர்கள். நொக்ஸ் கண்ட கழுமரங்களுக்குப் பின்னும் நுவரெலியாவில் குழிகள் இருந்தன.

தீர்வின் ஒரு பகுதி சாணையில் இருக்கிறது. கல் தோண்டுவதற்குக் காணி வேண்டும். பட்டை தீட்டுவதற்குக் காணி வேண்டாம். ஓர் அறையும், ஒரு யந்திரமும், வைரப்பொடியும், நல்லாசிரியரும் போதும். அத்தொழிலால் ஒரு நதியும் கலங்குவதில்லை, ஒரு தேயிலைச் செடியும் சாய்வதில்லை. தரையில் உட்கார்ந்து வில் இழுத்த காலம் போய், பாகை கணக்கிட்டுக் கல்லைப் பிடிக்கும் கருவியும், மின்சாரத்தால் சுழலும் கிடைவட்டும் வந்துவிட்டன. இந்நாட்டில் இத்தொழிலைக் கற்பிக்க அரசின் ஆராய்ச்சி, பயிற்சி நிறுவனமும் இருக்கிறது. கொழுந்தின் முதிர்ச்சியை விரல் நுனியால் அறிந்து, இரண்டிலையும் ஒரு மொட்டுமாகக் கணநேரத்தில் கிள்ளி எடுக்கும் கைகளின் மக்களுக்கு, கண்ணும் விரலும் ஒருங்கே தேர்ந்து செய்ய வேண்டிய இத்தொழில் எட்டாதது என்று யாரே சொல்ல வல்லார்? ஹட்டனிலும் நோர்வூட்டிலும் பொகவந்தலாவையிலும் தோட்டத்துப் பிள்ளைகள் கல்லின் லட்சணம் கற்று, பட்டை தீட்டக் கற்று, கிரயம் மதிக்கக் கற்றுக்கொண்டால், அனுமதி பெற்ற குழிகளின் கல் மலையைவிட்டு இறங்கும்போது பரலாக இறங்காது, மணியாக இறங்கும். அதன் மதிப்பில் மலையின் மக்களுக்கு உரிய பங்கு, உழைப்பின் வழியாகவும் அறிவின் வழியாகவும், எவருடைய தயவும் இன்றி வந்து சேரும். இதை ஒரு கோரிக்கையாகவே, மலைநாட்டுப் பிரதிநிதிகள் முன்பும் தொழிற்சங்கத் தலைவர்கள் முன்பும் வைக்கிறேன்.

மணியைச் சுமந்துவந்த அதே கெசல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் இருபதாம் நூற்றாண்டில் வேறொரு செல்வத்துக்கும் பிறப்பிடமாயின. அந்நீரிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று 1918ஆம் ஆண்டிலேயே எடுத்துச் சொன்ன பொறியியலாளர் விமலசுரேந்திராவின் விடாமுயற்சியையும், 1950இல் லக்ஷபானவில் விளக்கெரிந்த கதையையும், அணைகளுக்காகப் பள்ளத்தாக்குகள் நீரில் மூழ்கிய வரலாற்றையும் அடுத்த அத்தியாயத்தில் காண்போம்.